சும்மா இருக்கும் விரல்

பக்கவாதத்தால் வலது கை செயலிழந்த ஒருவர் இடது கையில் ஐஃபோனைப் பிடித்திருப்பதைச் சற்று நேரம் கவனித்தால் போதும். கட்டைவிரல் திரையின் கீழ்ப்பாதியிலேயே புழங்குகிறது. அவருடைய மாடலில் கன்ட்ரோல் சென்டரைத் திறக்க வலது மேல்மூலையிலிருந்து இழுக்க வேண்டும். அதற்காக ஃபோனை உள்ளங்கையில் மேலும் கீழும் நகர்த்துகிறார். ஃபோன் நழுவுவது அப்போதுதான். இத்தனைக்கும் அதே கையின் ஆள்காட்டி விரல் பின்பக்கத்தில் வேலையில்லாமல் கிடக்கிறது.

அந்த விரலுக்கு வேலை கொடுக்க 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14-உடன் வந்தது பேக் டேப். ஐஃபோன் 8 முதலான மாடல்களில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டச் என்று உள்ளே போனால் இருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு தட்டுக்கு ஒரு வேலை, மூன்று தட்டுக்கு இன்னொன்று.

வேலைகளின் பட்டியல் நீளம். அதுவே நம்மைப் போன்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளைத் தடம் மாற்றிவிடக்கூடும். கண்ணில் பட்டதை ஒதுக்கிக் கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரமே மறந்துபோகும். மேலே சொன்னவருக்கு வேண்டியது கன்ட்ரோல் சென்டர். பார்வை மங்கியவருக்கு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் படிக்க மேக்னிஃபையர். நீண்ட செய்தியைத் தள்ளித் தள்ளிப் படிக்க முடியாதவருக்குக் கீழ்நோக்கிய ஸ்க்ரோல். ஒருவருக்கு முதலில் ஒன்றே போதும். அது கைக்குப் பழகிய பிறகு மூன்று தட்டைப் பற்றிப் பேசலாம்.

பின்பக்கத்தில் தொடுதிரை கிடையாது. ஃபோனுக்குள் இருக்கும் அசைவு உணரிகளே தட்டலைக் கண்டுகொள்கின்றன. அதனால் உறை போட்டிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்கிறது. அதே காரணத்தால் நடுங்கும் கையில் தட்டாமலே கிளம்பவும் கூடும். 2021-இல் ஆண்ட்ராய்டு 12-உடன் பிக்சல் ஃபோன்களுக்கு வந்த, இதே போன்ற குவிக் டேப்பில், பலமாகத் தட்டினால் மட்டும் இயங்கும்படி ஒரு அமைப்பு உண்டு. பார்க்கின்சன் நோயாளிக்கு அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

நம்மிடம் வருபவர்களில் பலர் வைத்திருப்பது பிக்சலும் அல்ல, ஐஃபோனும் அல்ல. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற வசதியைத் திறக்கும்படி அமைக்கலாம். ஒரே கையால் அப்படி அழுத்த முடிகிறதா என்பதை நேரில் செய்யச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

அவசர அழைப்பைப் பேக் டேப்பை நம்பி விடவே கூடாது. திரை அணைந்திருந்தால் அது இயங்காது. ஃபோனை மேசையில் கிடத்திப் பயன்படுத்துபவருக்குப் பின்பக்கமே எட்டாது.

பேக் டேப் தவறாகக் கிளம்புகிறதா என்று கண்டறிய எளிய வழி இருக்கிறது. முதல் வாரம் இரண்டு தட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட்டை ஒதுக்கி, அடுத்த சந்திப்பில் அவர் வேண்டுமென்று எடுக்காத படங்கள் எத்தனை என்று அவரையே எண்ணச் சொல்லலாம். வங்கிக் கணக்கும் குடும்பச் செய்திகளும் அந்தப் படங்களில் விழுந்திருக்கும். ஆகவே முன்கூட்டியே சொல்லி அவருடைய சம்மதம் பெற வேண்டும், எண்ணி முடித்ததும் அவர் கையாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும்.