உள்ளே கேட்கும் குரல் யாருடையது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தேர்தலைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், ஊர்ச் சபை பொறித்துவைத்த குடவோலை விதிகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். மண்டபத்தில் இருக்கும் அர்ச்சகர்களான நம்பிமார்களும் வாங்கி வாசிக்க வேண்டும்.

இதை வெறும் நிர்வாக ஏற்பாடாகப் படித்தால் பாதிதான் விளங்கும். வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு வந்தவர் 'என் செல்வாக்கால் வந்தேன்' என்று மார்தட்ட வழியே இல்லை. ஒரு பிள்ளையின் கைக்கு அகப்பட்ட ஓலை அவர், அவ்வளவுதான். 360 நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். சபை தன் விதியையும் மாற்றக்கூடாத ஒன்றாக வைத்துக்கொள்ளவில்லை. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று திருத்தியது. 'நான்' எந்த எந்த இடுக்கில் தலைகாட்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட வேலி இது.

ஆனால் அவர்களுக்கும் ஓர் இடுக்கு தெரியவில்லை. அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. சொந்த மனை, வரி கட்டும் நிலம், வேதப் பயிற்சி உள்ள ஆண்களுக்கே அங்கே இடம். உழுதவருக்கும் பெண்ணுக்கும் ஓலை இல்லை. தனி ஆளின் அகந்தையை அடக்கிய சபை, பிறப்பின் அகந்தையைத் தொடவே இல்லை.

அதைத் தொட்டவர் கதையும் இந்த மண்ணில்தான் நடந்தது. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியைத் தம் குருவாக்கிக்கொள்ள விரும்பினார். நம்பி பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் அல்லர். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ராமானுஜர் வீட்டுக்கு அழைத்ததையும், மனைவி நம்பி உண்ட இடத்தைக் கழுவி, குளித்து, மறுபடி சமைத்ததையும், அவர் அதனால் நொந்துபோனதையும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. பிறகு தம் மனத்தில் இருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லும்படி நம்பியையே வேண்டினார். வந்த விடைதான் வைணவர்கள் போற்றும் 'ஆறு வார்த்தை'. சரணாகதியே வழி என்பதும், பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பதும் அதில் அடக்கம்.

ராமானுஜருக்குச் சாத்திரம் தெரியாதா? தம் மனத்தில் தோன்றியதையே தெய்வ வாக்கு என்று அறிவித்திருந்தால் மறுக்க யார் இருந்தார்கள்? அவர் விசிறி பிடித்தவரிடம் போய் நின்றார். சரணாகதி என்ற சொல்லை எளிதாக எடுத்தாளும் இன்றைய சொற்பொழிவு மேடைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஏனென்றால் இப்போது இரண்டு விதமாக அது விற்கப்படுகிறது. ஒன்று, 'மனசு சொல்வதைக் கேள், அதுவே கடவுள்'. இன்னொன்று, 'யோசிக்காதே, எல்லாவற்றையும் குருவிடம் கொடுத்துவிடு'. முதலாவதில் ஆசைக்குத் தெய்வ வேடம் கிடைக்கிறது. இரண்டாவதில் சீடனின் 'நான்' போகிற வேகத்தில் குருவின் 'நான்' பெருகுகிறது. அதன் விளைவுகள் நீதிமன்றம் வரை போவதை நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. 1896இல் 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணருக்கு மனித குரு என்று ஒருவர் இல்லை. 'நான் யார்' என்று விசாரி, அல்லது அந்த நானை ஒப்படைத்துவிடு என்று இரண்டு வழி காட்டிய அவரும், வந்தவர்களைத் தம் உடம்போடு கட்டிப்போடவில்லை. அவரவர் உள்ளத்துக்கே திருப்பி அனுப்பினார்.

அப்படியானால், உள்ளே கேட்பது வழிகாட்டும் குரலா, ஆசையின் குரலா என்று எப்படிக் கண்டுகொள்வது? காஞ்சி கைலாசநாதர் கோயில் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளில் தன் விருதுப் பெயர்களை இருநூறுக்கும் மேலாக வெட்டிவைத்தவன். அவன் அசரீரி கேட்டதாகவும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் பெயர் சொல்லாமல் குறிப்பிடும் காடவ மன்னன் இவனே என்பது அறிஞர்கள் பலர் கருத்து. கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறித்த அந்த மன்னனின் கனவில் சிவன் வந்து, அதே நாளில் திருநின்றவூர் அன்பன் ஒருவன் கட்டிய கோயிலுக்குத் தாம் போவதாகவும், நாளைத் தள்ளிவைக்கும்படியும் சொன்னாராம். மன்னன் தேடிப் போனால் அங்கே கோயில் இல்லை. கையில் காசில்லாத பூசலார் அதை மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் கலசம் வரை எழுப்பியிருந்தார். அரசன் அவர் காலில் விழுந்தான்.

பூசலாரின் பக்தியை எல்லாரும் பேசுகிறோம். அரசனின் செயலும் சிறியதல்ல. அவனுக்குள் கேட்ட குரல் 'உன் கோயில் பெரிது' என்று சொல்லவில்லை. ஒதுங்கி நில், முகம் தெரியாத ஒருவனைத் தேடிப் போ என்றது. அவனும் போனான். ராமானுஜருக்கு வந்த விடையும் அவரை இன்னொருவரிடம்தான் அனுப்பியது. உள்ளே கேட்கும் குரல் கேட்பவரையே உயர்த்திப் பேசினால் சந்தேகப்பட வேண்டும் என்பதே இவ்விரண்டு கதையும் தரும் அளவுகோல்.

இந்த அளவுகோலை ஊர்க் கோயில்களில் இன்றே வைத்துப் பார்க்கலாம். குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு அதன்மேல் 'உபயம்' எழுதுகிறோம். குடமுழுக்கு விளம்பரப் பதாகைகளில் சாமியைவிட விழாக் குழுவினரின் படங்கள் பெரிதாக இருக்கின்றன. முதல் மரியாதை யாருக்கு என்று அடிதடி நடந்து கோயில்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் திருப்பணிக் குழுக்கள், தங்கள் பக்கத்துச் சுவரில் இருக்கும் விதிகளில் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவைச் சன்னதி முன் எல்லாரும் கேட்க வாசிப்பது. ஓராண்டு பொறுப்பில் இருந்தவர் அடுத்த மூன்றாண்டு ஒதுங்குவது. பரிவட்டத்துக்கு உரியவரைக் குடத்தில் பெயரிட்டு ஒரு குழந்தையை எடுக்கச் செய்வது. பழைய சபை செய்யத் தவறியதையும் சேர்த்து, அந்தக் குடத்தில் காலனி வீடுகளின் பெயர்களும் பெண்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.