எண்ணெய்த் தலை அழுக்குத் தலையா?

மொனராகலை வெயிலில் இறப்பர் தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்குப் போய்ச் சேருமுன்னமே நெத்தியில எண்ணெய் வடியும். அதைப் பார்த்து "தோட்டக்காட்டான்" என்று சிரிக்கிறவங்களுக்கு நாம ஒன்னு சொல்லணும்: அது அழுக்கில்ல. மண்டைத்தோலில் இருக்கிற சுரப்பிகள் சீபம் என்ற எண்ணெயைச் சுரக்கின்றன. பருவ வயசில ஹோர்மோன் அதைக் கூட்டிவிடும். கொழும்புப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

நம்ம வீட்டுக்கும் ஒரு வார்த்தை. பொடுகு வந்தா இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொல்றாங்க. பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயை உண்டுதான் வளருது. எண்ணெய் வைக்கணும்னா முடி நுனிக்குப் போதும். உடம்புச் சவர்க்காரத்தைத் தலைக்குப் போடாம, ஷாம்புவை மண்டைத்தோலில் தேய்ச்சு நல்லா அலசணும். அப்படியும் பொடுகு அடங்காட்டி, கீட்டோகொனசோல் ஷாம்பு பற்றி பார்மசியில கேளுங்க.

ஆனா அலசத் தண்ணி வேணுமே? ஒரே பீலிக்கு முழு லயமும் வரிசையில நிக்கிற இடத்தில், "அடிக்கடி தலைக்குக் குளி" என்பது அறிவுரையில்ல, கேலி. எங்க தலையைப் பார்த்துச் சிரிக்கிறதை விட்டுட்டு, லயத்துக்குத் தண்ணிக் குழாய் கேட்க எங்களோட வந்து நில்லுங்க.