வீட்டை அறிந்த ஆண்டு

நமது ராபர்ட்சன்பேட்டையில் குடும்பத் தலைவர்கள் பலருக்குத் தங்கள் வீடு பகலில் எப்படி இருக்கும் என்பது தெரியாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து, சோற்று டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், விளக்கு வைத்து வெகு நேரம் ஆன பிறகே வீடு திரும்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வீட்டில் இருந்தாலும் அது தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இதுவே நமது ஊரின் வாழ்க்கை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் சுமார் 120 ஆண்டுகள் நமக்குச் சோறு போட்ட சுரங்கம் அது. அது நின்ற பின், மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்தான் ஊரைத் தாங்கி வருகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என நிலையத்துக்கு நிலையம் ஆட்கள் ஏறி, பங்காருப்பேட்டை வருவதற்குள் நிற்கவும் இடமிராது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக 19 ஆண்டுகள் போய் வந்தேன்.

2020 மார்ச் 22-ஆம் தேதி ரயில் நின்றது. மூன்றே நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த ஆண்டைப் பற்றி இன்று பேச்சு வந்தால் இரு விதமான கருத்துகளைக் கேட்கிறேன். “அது நாசமாய்ப் போன வருஷம், அதை நினைக்கவே வேண்டாம்” என்கிறார்கள் சிலர். “எல்லாம் நன்மைக்கே, குடும்பம் ஒன்று சேர்ந்ததே” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

முதல் மாதம் நான் வீட்டுக்கு உதவியாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். சட்னியில் உப்பு அதிகம் என்றேன். பாத்திரம் வைத்த இடம் சரியில்லை என்றேன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “அப்பா, நீங்க எப்ப திரும்பவும் வேலைக்குப் போவீங்க?” என்று கேட்டாள். என் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. 19 ஆண்டுகளாகச் சம்பளம் கொண்டுவந்து கொடுக்கும் நான், இந்த வீட்டில் ஒரு விருந்தாளியாகவே இருந்திருக்கிறேன் என்பது அன்று புரிந்தது.

1902-லேயே சுமார் 150 கிலோமீட்டருக்கு அப்பால் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் நம் ஊர் என்று பெருமை பேசுவோம். நானும் ரயிலில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும் என்பது எனக்குத் தெரியாது. அது விடியற்காலை மூன்று மணிக்கு வருகிறது என்பதையும், என் மனைவி அந்த நேரத்தில் எழுந்து குடம் குடமாகப் பிடித்து வைத்துவிட்டு, அப்படியே அடுப்பைப் பற்ற வைக்கிறாள் என்பதையும் ஏப்ரல் மாதத்தில்தான் கண்டேன். என் சோற்று டப்பா ஒரு நாளும் தாமதமானதில்லை. அது எப்படி நடந்தது என்று நான் யோசித்ததும் இல்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு மாதம் சம்பளம் கிடைக்கவில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரு நபருக்கு மாதம் 5 கிலோ வீதம் மத்திய அரசின் இலவச அரிசி கிடைத்தது. அரிசி வந்தது சரி. பருப்புக்கும் எண்ணெய்க்கும் அப்பாவின் மருந்துக்கும் என்ன வழி? தெருப் பெண்களுடன் சேர்ந்து அவள் கட்டி வந்த சீட்டுப் பணம் முதல் மாதத்தைத் தாண்ட வைத்தது. இரண்டாம் மாதம் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுத்த ஊரில், குன்றிமணித் தங்கத்தை அடகு வைத்துக் கஞ்சி குடித்த குடும்பங்கள் எத்தனையோ. 2001-இல் சுரங்கம் மூடியபோது என் தாயாரும் இதையே செய்தார் என்பதை அப்போதுதான் அப்பா சொன்னார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. எனக்குத்தான் புதிது.

அப்பா சொன்ன கதை

என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். கல்தூசு நெஞ்சில் படிந்து சிலிகோசிஸ் நோயாகி, ஓய்வுக்காலம் முழுவதும் இருமலோடு கழிந்தது. நுரையீரலைத் தாக்கும் தொற்று என்றதும் எங்களுக்கு வந்த பயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைத் தெருவுக்கே விடாமல் பார்த்துக்கொண்டோம். பேச ஆளில்லாத அவர் என்னிடம் பேசத் தொடங்கினார். நானும் முதல் முறையாக உட்கார்ந்து கேட்டேன்.

“ஏர் பிளாஸ்ட்” என்று நம் ஊரார் சொல்லும் பாறை வெடிப்பைப் பற்றி ஒரு நாள் சொன்னார். பூமிக்கடியில் அது நடந்தால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாயிலுக்கு ஓடி வந்து, கேஜ் மேலே வரும் வரை, அதில் தன் ஆள் இருக்கிறானா என்று பார்த்தபடி நிற்பார்கள். “உங்கம்மாவும் கைக்குழந்தையோட வந்து நின்னிருக்கா. நான் மேல வருவேன், ரெண்டு பேரும் பேசாம வீட்டுக்கு நடந்து வருவோம். அவ்வளவு நேரம் அங்க நின்னியே, உனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாள்கூட கேட்டதில்லடா. இப்ப கேட்கணும்னு இருக்கு. அவ இல்ல.”

அதற்கு மேல் அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. சுரங்க வாயில் இருந்த இடத்தில் இன்று ரயில் நிலையம் இருக்கிறது. காத்திருப்பவர்கள் அதே பெண்கள்தாம். ரயில் தாமதமாகும் இரவுகளில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியிடம் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என் தகப்பனாருக்குக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. எனக்கு இன்னும் ஆள் இருந்தது. அன்று இரவே கேட்டேன். அவள் சொன்ன பதில் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

2022-இல் அப்பா காலமானார். அவரோடு வாழ்ந்த காலம் பல ஆண்டுகள். அவரை அறிந்த காலம் அந்த ஓர் ஆண்டுதான்.

மகளிடம் படித்த பாடம்

மார்ச் 27-ஆம் தேதி தொடங்க வேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தள்ளிப்போய், ஜூன் 25-ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த மூன்று மாதமும் மகள் வீட்டில் படித்தாள். உதவி செய்யலாம் என்று உட்கார்ந்த எனக்குக் கன்னடப் பாடப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கன்னட மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். கன்னடத்தில் சரளமாகப் பேசுவேன். பெங்களூரில் பஸ் பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டே ஏறி வந்தேன். வெட்கத்தை விட்டு மகளிடம் கேட்டேன். அவள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். தவறாக எழுதினால் தலையில் குட்டுவது போல் பாவனை செய்வாள். தேர்வு தொடங்குவதற்குள் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு மனிதன் வளர முடியும் என்றால், அது இப்படித் தன் பிள்ளையின் முன் உட்காருவதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் எழுதுவதால், அந்த ஆண்டுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் தெருவிலேயே பிணம் வீட்டுக்கு வராமல் போன குடும்பம் உண்டு. வேலை போய், இன்றுவரை அதே கூலிக்குத் திரும்ப முடியாத காவலாளிகளும் தையல் தொழிலாளிகளும் உண்டு. அவர்களிடம் போய் “எல்லாம் நன்மைக்கே” என்பது இரக்கமற்ற பேச்சு. நோய்க்கு நன்றி சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளமில்லாத மாதங்களுக்கும் நன்றி இல்லை. என் நன்றி அந்த மாதங்களில் எங்களைத் தாங்கிய மனிதர்களுக்கு.

வள்ளுவர் இதற்காக ஓர் அதிகாரத்தையே வைத்திருக்கிறார். அதற்குச் செய்ந்நன்றி கூறல் என்று பெயரிடவில்லை. செய்ந்நன்றி அறிதல் என்றார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இந்தச் சொல்லில் நின்று யோசித்ததில்லை. நமக்காக ஒருவர் என்ன செய்தார் என்பதைத் தெரிந்துகொள்வதே நன்றியின் முதல் படி. பகலில் வீட்டையே பார்த்திராத நமக்கு அந்த முதல் படியே கிட்டாமல் இருந்தது. இடி விழுந்த வீட்டில் அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் எல்லாம் தெரிவது போல, அந்த ஆண்டில் அது தெரிந்தது.

மறதி மீண்டும் வருகிறது

என் கவலை இதுதான். ரயில் மறுபடியும் ஓடுகிறது. நாமும் பழையபடி ஓடுகிறோம். அன்று தெரிந்ததெல்லாம் மறந்து கொண்டிருக்கிறது. மூன்று மணித் தண்ணீரை நானும் இரண்டு வாரம் மறந்தேன். ஒரு நாள் விழித்துப் பார்த்தபோது அவள் தனியாகக் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். அறிந்த பிறகும் செய்யாமல் இருப்பவன், அறியாதவனைவிட மோசமானவன். அன்று முதல் சனி இரவுக் காவல் என்னுடையது என்று வைத்துக்கொண்டேன். சனி விட்டு ஞாயிறு விடியலில் தண்ணீர் வந்தால் குடம் என் கையில்.

ரயிலில் என்னோடு வரும் நண்பர்களுக்கும், அவர்களைப் போன்ற வாசகர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையில் பாதியையாவது விழித்திருந்து கழியுங்கள். வீட்டு வேலையில் ஒன்றை, உதவியாக அல்ல, உங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அடகில் இருக்கும் நகையை மீட்பது எந்த மாதம் என்று கூடி உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டுச் சங்கிலி திரும்ப ஒன்றரை ஆண்டு ஆயிற்று. சுரங்கத்தில் இறங்கி ஏறிய பெரியவர்கள் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கேட்க வேண்டியதை, கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

அந்த ஆண்டு நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம். கற்றுக்கொடுத்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் நாளை காலை ரயில் நெரிசலில் தவறவிட்டுவிடக் கூடாது.