பத்து கிகாபிட் வாசல்வரை வரும், அதற்குப் பிறகு?

சிங்கப்பூரின் இணையக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. 2028ஆம் ஆண்டுக்குள் 500,000க்கும் மேற்பட்ட வீடுகள் அந்த வேகத்தில் இணைய வேண்டும் என்பது இலக்கு. அதன் பிறகு, கடைத்தொகுதிகளில் மேசை போட்டு விற்கும் இணையச் சேவை நிறுவனங்களின் பேச்சில் பத்து கிகாபிட் முதல் சொல்லாகிவிட்டது. வீட்டில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று யாராவது சொன்னால், “திட்டத்தை மாற்றுங்கள்” என்பதே உடனடிப் பதில்.

அந்தப் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறுவனம் விற்பது வாசலுக்கு வரும் வேகத்தை. நாம் பயன்படுத்துவதோ படுக்கையறையில் கிடைக்கும் வேகத்தை. இடையில் இருப்பது சுவர்.

வீவக வீடுகளில் 1998 முதல் கட்டப்படும் ‘பாம் ஷெல்டர்’ அறையை எடுத்துக்கொள்வோம். தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பிகள், கனமான எஃகுக் கதவு. பல வீடுகளில் கண்ணாடியிழை இணைப்பு முடியும் இடம் வாசலை ஒட்டி, அந்த அறையின் பக்கத்திலோ உள்ளேயோதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ரவுட்டரையும் அரிசி மூட்டை, பழைய பெட்டிகளோடு அங்கேயே வைத்துவிடுகிறோம். குண்டுவீச்சைத் தாங்கக் கட்டிய சுவர் வானொலி அலையை மட்டும் விட்டுவிடுமா என்ன?

வைஃபை அலைகளின் இயல்பும் இங்கே கணக்கில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டி ஓரளவு தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் நெரிசலை உண்டாக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர்களில் தளர்ந்துவிடும். புதிய வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகள் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வேகம். சுவர்களைத் தாண்டும் வலு அதற்கு இன்னும் குறைவு. ஆக, வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ரவுட்டரைத் தவறான இடத்தில் வைத்தால், அந்த வேகம் வரவேற்பறையைத் தாண்டாது.

உண்மையில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிலிக்சில் 4கே தரத்தில் படம் பார்க்க விநாடிக்கு 15 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது அந்நிறுவனம். காணொளி வழித் துணைப்பாட வகுப்புக்குச் சில மெகாபிட் போதும். தாத்தா சென்னைத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க, பேரப்பிள்ளை விளையாட, அப்பா அலுவலகக் கூட்டத்தில் இருக்க, எல்லாம் சேர்ந்தாலும் 1 கிகாபிட்டில் ஒரு சிறு பங்குதான். பெரும்பாலான மடிக்கணினிகளின் கம்பித் துளையே 1 கிகாபிட்டைத் தாண்டாது. பத்து கிகாபிட்டின் முழுப் பயனைப் பெற ரவுட்டர், கம்பி, கணினி மூன்றும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பெரிய காணொளிக் கோப்புகளை நாள்தோறும் ஏற்றி இறக்குபவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்கள் அவசரப்படத் தேவையில்லை.

அதைவிட முதலில் செய்யக்கூடியது ரவுட்டரை வெளியே கொண்டுவந்து, வீட்டின் நடுப்பகுதியில், சற்று உயரத்தில் வைப்பது. பாம் ஷெல்டர் சுவரை நினைத்தபடி துளைக்க முடியாது. அதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறைகள் உண்டு. ஆனால் அண்மைய ஆண்டுகளில் கட்டப்பட்ட பல வீவக வீடுகளில் அறைகளுக்குக் கம்பி இணைப்பு முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகளைச் சோபாவுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கம்பியில்லாத ‘மெஷ்’ கருவிகளுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழிப்பவர்கள் ஏராளம். மெஷ் கருவிகளையே வாங்கினாலும் அவற்றைக் கம்பியால் இணைப்பது நல்லது. கம்பியில்லாமல் இணைத்தால், மலிவான இரட்டை அலைவரிசைக் கருவி வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்த வேண்டிவரும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ரவுட்டர் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கு விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழைய வழக்கம் அதனால் ஒழிந்தது. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

வீட்டில் செய்யும் இதே பிழை கடையில் நடந்தால் இழப்பு பெரிது. தேக்காவிலோ தோ பாயோவிலோ உள்ள ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் தொழில்நுட்பம் வாங்கப் புறப்பட்டால், முதலில் காதில் விழுவது மானியம் என்ற சொல். உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் தகுதிபெறும் செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. கொவிட்-19 காலத்தில் அது 80 விழுக்காடு வரை இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னமும் பேசுபவர்கள் உண்டு.

எடுத்துக்காட்டாக, விற்பனைப் பதிவு முறை ஒன்றின் விலை 6,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாதி மானியம் என்றால் 3,000தான் நம் செலவு என்று தோன்றும். ஆனால் முழுத் தொகையையும் முதலில் கடைக்காரர் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் கைக்கு வரும். தீபாவளிச் சரக்குக்குப் பணம் தேவைப்படும் மாதத்தில் அந்த 6,000 எங்கிருந்து வரும்? மானியக் காலம் முடிந்தபின் வரும் சந்தா முழுவதும் அவர் தலையில்தான். விண்ணப்பிப்பதற்கு முன்பே விற்பனையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டால் மானியமே கிடைக்காது.

மானியம் தவறென்று சொல்ல வரவில்லை. அது பல சிறு கடைகளுக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பதை வாங்குவதும் கடைக்கு வேண்டியதை வாங்குவதும் எப்போதும் ஒன்றல்ல. விற்பனையாளர் தம் பொருளைத்தான் விற்பார். கடையின் தேவையைக் கணக்கிட, ஆணையத்தின் ‘சிடிஓ சேவை’ இணையத்தளத்தில் கட்டணமில்லா மதிப்பீடு இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அரை மணி நேரத்தை அங்கே செலவிடலாம்.

கடைக்காரர்கள் தள்ளிப்போட முடியாத செலவும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கல்லாவின் பின்னால் ஓடும் பழைய கணினிகளில் பல விண்டோஸ் 11ஐ ஏற்கா. பாதுகாப்பு மேம்பாடு இல்லாத கணினியில் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பது ஆபத்து. கையிருப்பு கொஞ்சம்தான் என்றால், புதிய ரவுட்டருக்கும் பெரிய இணையத் திட்டத்துக்கும் முன்னால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பேன்.

இணைய இணைப்பிலும் கடையின் தேவை வேறு. அங்கே வேகத்தைவிட அறுபடாமை முக்கியம். கியூஆர் ஒட்டியை வருடிப் பணம் அனுப்பும் வாடிக்கையாளர் தம் கைப்பேசித் தரவில் அனுப்பிவிடுவார். பணம் வந்ததா என்று பார்க்கக் கடைக்கு இணையம் வேண்டும். கண்ணாடியிழை இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்தால், சனிக்கிழமை மாலை வரிசை வாசல்வரை நிற்கும். கைப்பேசிச் சிம் அட்டையில் இயங்கும் மாற்று இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்வது, பத்து கிகாபிட்டைவிடப் பலன் தரும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையையும் கல்லா, கட்டணக் கருவி இயங்கும் இணைப்பையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘விருந்தினர்’ இணைப்பு என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது, காசு செலவில்லை.

கணக்கு மென்பொருள் வாங்குவோர் இன்வாய்ஸ்நவ் மின் விலைப்பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். பொருள் சேவை வரிக்குத் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் புதிய நிறுவனங்களுக்கு அது 2025 நவம்பர் 1 முதல் கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல் அவ்வாறு பதிவுசெய்யும் அனைவருக்கும் பொருந்தும். விற்பனையாளரிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சந்தாவை நிறுத்தினால் என் வாடிக்கையாளர் பட்டியலும் மூன்றாண்டுக் கணக்கும் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்ப வரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.