பொன் எடுத்த ஊரும் நீர் காத்த ஊரும்

கோலார் தங்கவயலைக் காண வெளியூரிலிருந்து வருகிறவர்கள், மூடிக் கிடக்கும் சுரங்க வாய்களையும், வெள்ளைக்கார அதிகாரிகள் வசித்த ஓட்டு பங்களாக்களையும், ஊரைச் சுற்றிக் குன்றுகளைப் போல எழுந்து நிற்கும் சயனைடு மண்மேடுகளையும் பார்த்துவிட்டு, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் மனிதர்கள் இறங்கி வேலை செய்த கதையைக் கேட்டு வியந்து, அன்று மாலையே பெங்களூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களிற் பலரும் தங்கள் ஊரின் சரித்திரம் அந்தச் சுரங்க வாயில் தொடங்கி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளில் அது மூடப்பட்டதோடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் வருத்தத்துக்குரியது. அவ்வாறு எண்ணுகிற ஒவ்வொருவரும், சரத் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பேத்தமங்கலத்துக்கு ஒரு முறையேனும் போய்வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். வடமொழியில் அதற்கு ஏறத்தாழ இணையானது சரத் ருது. கடலோரத் தமிழ்நாட்டில் அது அடைமழையும் வெள்ளமுமாக வந்து வீட்டுக்குள் முடக்கிவிடுகிற காலமென்றால், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலிருக்கும் இந்தப் பீடபூமியிலோ, இரவில் பெய்து காலையில் வெறித்து, வானம் கழுவிவிட்டாற்போல் விளங்குகிற சௌகரியமான காலமாகும். காற்று மாதங்களில் மண்மேடுகளிலிருந்து கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வெண்துகள் இப்போது நனைந்து அடங்கியிருக்கும். சாலையின் இருமருங்கிலும் கேழ்வரகு கதிர் முற்றித் தலை சாய்ந்திருக்கும். அவரைப் பந்தல்களும் தக்காளித் தோட்டங்களும் மல்பெரிச் செடிகளும் பசுமை கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் முட்செடியுமாகக் கிடக்கும் பாலாற்றில் தண்ணீரைக் காணக்கூடிய பருவம் ஏதேனும் உண்டென்றால் அது இதுவே.

சைக்கிளும் காரணத்தோடு சொன்னதுதான். இந்தத் தொலைவைப் பஸ்ஸில் போகிறவன் சிறிது கண்ணயர்ந்தால் ஊர் வந்துவிடும்; மோட்டார் சைக்கிளில் போகிறவன் முன்னே போகும் லாரியை முந்துவதிலேயே கருத்தாயிருப்பான். சைக்கிளில் போகிறவனுக்கோ நிலத்தின் ஏற்ற இறக்கம் முழங்காலில் தெரியும். எந்தச் சரிவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் கால்வாய் எந்த ஏரியில் போய் விழுகிறது, எந்த ஏரி தூர்ந்து போயிற்று, எந்த மேட்டில் தைலமரக் காடு நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் கேளாமலே விளங்கும். ஜீவநதி ஒன்றும் இல்லாத கோலார் ஜில்லாவின் ஜனங்கள், ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போய்ச் சேரும்படியாக, ஆயிரக்கணக்கான ஏரிகளைத் தொடர்தொடராக வெட்டி வைத்து வாழ்ந்தவர்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் புத்தகத்தில் படிப்பதைவிட மிதித்துப் பார்ப்பதே மேல்.

சாம்பியன் சுரங்கப் பகுதியையும் ராபர்ட்சன்பேட்டையின் கடைவீதியையும் தாண்டிச் செல்லும் வழி, சுரங்க நகரத்தின் தகரக் கூரைகளையும் சந்து பொந்துகளையும் விட்டு மெல்ல மெல்ல வயல்வெளிக்குள் இறங்கி, கடைசியில் பாலாற்றின் வலக்கரையில், பெரியதோர் ஏரியின் அருகே கொண்டுபோய் விடுகிறது. இன்று பார்ப்பவருக்குப் பேத்தமங்கலம் கடைகளும் பஸ் நிறுத்தமும் உள்ள ஒரு சாதாரண ஊராகவே தோன்றும். ஆயினும் பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு 1864-இல் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், சென்னைக்குப் போகும் பழைய பெருவழியில் இருந்த ஊர் இது. ரயில் வந்த பிறகு அதன் வியாபாரம் பௌரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காருப்பேட்டைக்கு, நகர்ந்துவிட்டது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, வடார்க்காட்டுப் பகுதியிலும் கோலார்ச் சீமையிலும் அரசு செலுத்திய வாணர்களின் காலத்தில், இவ்வூருக்கு விஜயாதித்தமங்கலம் என்று பெயர். விஜயாதித்தன் என்பது வாண மன்னர் பலர் தாங்கிய பெயர் என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர்.

இவ்வூரின் பெருமை அரண்மனையிலோ கோட்டையிலோ இல்லை. ஆற்றை மறித்துக் கட்டிய அந்த ஏரிக்கரையில் இருக்கிறது. அதன் வரலாற்றைக் கூறும் கல்வெட்டுகளின் செய்தி மிகச் சுருக்கமானது. ஏரி உடைந்தது, பத்தாம் நூற்றாண்டின் நடுவில் இரிவ நொளம்பன் என்னும் திலீபய்யன் அதைத் திருத்திக் கட்டினான். ஏரி மறுபடியும் உடைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதியாயிருந்த சொக்கிமய்யா அதைத் திருத்திக் கட்டினான். வாணர் போய் நொளம்பர் வந்தார்கள்; நொளம்பர் போய்ச் சோழரும், சோழர் போய் ஹொய்சளரும் வந்தார்கள். இவர்கள் ஒருவர்மேல் ஒருவர் படையெடுத்தவர்கள். முன்னவன் புகழைப் பின்னவன் அழிக்க விரும்பியிருந்தாலும் வியப்பில்லை. அப்படியிருந்தும் முன்னவன் வெட்டிய ஏரியைப் பின்னவன் பாழாக விடவில்லை என்பதும், புதிதாக ஒன்றை நிர்மாணித்ததற்கு நிகராகப் பழையதைப் பழுது பார்த்ததையும் கல்லில் எழுதிவைக்கத் தக்க புண்ணியமாகக் கருதினார்கள் என்பதும் நாம் நின்று நினைக்க வேண்டிய விஷயங்கள். திறப்பு விழாவுக்குக் கல் நாட்டுகிற நம் காலத்தில், தூர் வாரியதற்குக் கல் நாட்டியவர் எத்தனை பேர்?

இந்த ஏரிக்கும் தங்கவயலுக்கும் உள்ள சம்பந்தம் தூரத்து உறவன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கங்களை ஏற்று நடத்தத் தொடங்கியபின், வெறும் பாறையும் புதருமாயிருந்த இடத்தில் பல்லாயிரம் ஜனங்கள் சில ஆண்டுகளில் வந்து குவிந்தார்கள். தங்கப் பாறையைப் பொடி செய்வதற்கும், பொடியைக் குழம்பாக்கிச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்துப் பொன்னைப் பிரிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். அந்த வேலையைச் செய்கிற மனிதர் குடிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தானத்தார் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் நீரேற்று நிலையமும் வடிகட்டும் சாலையும் அமைத்து, குழாய் வழியே தங்கவயலுக்கு நீர் கொண்டுவந்தது அதனால்தான். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே மின்சாரம் வந்த கதை தங்கவயலில் சிறு பிள்ளைக்கும் தெரியும்; அதைச் சொல்லும்போது நம் மார்பு சற்றே நிமிர்வதும் உண்டு. ஆனால் பேத்தமங்கலத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள், அந்த நீரைத் தேக்கிவைத்த கரை கம்பெனி கட்டியதன்று, ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதைத் தம் மக்களுக்குச் சொல்லாமலே போய்விட்டன.

இரண்டு ஊர்களையும் ஒரே காலைப்பொழுதில் பார்க்கிறவனுக்கு இரண்டு வகையான வாழ்வு ஒன்றையொன்று எதிர்கொண்டு நிற்பது புலப்படும். தங்கவயல் பூமியிலிருந்து எடுத்து வாழ்ந்த ஊர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் எடுக்கப்பட்டது. எடுத்த பொன் கப்பலேறியும் கருவூலம் புகுந்தும் மறைந்தது. எஞ்சியது மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடு மண்ணும், நுரையீரல் கெட்ட தொழிலாளர்களின் குடும்பங்களுமே. தாதுவின் தரம் குறைந்து, எடுக்கும் செலவு விற்கும் விலையை மிஞ்சிய பிறகு, சுரங்கத்துக்கு வேறு உபயோகம் இருக்கவில்லை. பேத்தமங்கலமோ வந்ததைச் சேர்த்துவைத்து வாழ்ந்த ஊர். அதன் செல்வம் ஆண்டுதோறும் வானத்திலிருந்து வந்தது. ஆண்டுதோறும் கரையைக் காத்தால் போதும். உடைந்தபோதெல்லாம் கட்டினார்கள், ஆகவே அது இன்றும் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளியின் உழைப்பையும் வீரத்தையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவன் உழைப்பின் பலனை ஊருக்கு நிலைத்த ஆஸ்தியாக மாற்றும் யோசனை அவனை ஆண்டவர்களில் யாருக்கும் இல்லாமற் போயிற்று என்பதை அந்த ஏரிக்கரையில் நிற்கும்போது உணராதிருக்க முடியாது.

இந்த நதியில் நமக்கு இன்னொரு பாத்தியதையும் உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலோடு கலக்கிறது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று அதன் கீழ்க்கரையில் அமைந்த வடார்க்காட்டுச் சீமையிலிருந்துதான், பஞ்சத்தாலும் பண்ணையடிமையாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட ஏழை ஜனங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர், கூட்டம் கூட்டமாகத் தங்கவயலுக்கு வந்தார்கள். பரதேசம் வந்துவிட்டதாக எண்ணி அவர்கள் குடித்த குழாய்த் தண்ணீர், தாங்கள் விட்டு வந்த ஊரின் ஓரமாக ஓடிய அதே ஆற்றினுடையது.

இன்று தமிழ்நாட்டில் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், பேத்தமங்கலம் ஏரியும் அதற்குக் கீழேயுள்ள ராமசாகரம் ஏரியும் நீரைத் தடுத்துக்கொள்கின்றன என்ற குறையே முதலில் எழுகிறது. எல்லை தாண்டும் நதிகளில் புதிய நீர்த்தேக்கம் கட்டச் சென்னையின் சம்மதம் வேண்டும் என்று 1892-ஆம் ஆண்டு மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் சேர்ந்ததே. வேலூர் விவசாயியின் குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 2021 நவம்பரில் பெருமழை பெய்து பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தபோது, வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றிலும் கரை கொள்ளாத வெள்ளம் ஓடியது. மேலே ஏரிகள் செம்மையாயிருந்து, வரத்துக் கால்வாய்கள் திறந்திருந்தால், நிறைந்த ஏரி கீழே வழியத்தான் செய்யும். மேலே கால்வாய்கள் அடைபட்டு, நிலத்தடி நீரும் வற்றினால், கீழே எந்த வழக்கு வென்றாலும் ஆற்றில் மணல்தான் மிஞ்சும். மேல்கரையில் வாழ்ந்து கீழ்க்கரையில் சுற்றத்தாரை உடைய தங்கவயல் தமிழனைப் போல இதை இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு?

விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலோ கோரமண்டலிலோ ரயிலேறிப் பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அவர்களிடம் போய் சைக்கிள் மிதிக்கச் சொல்வது ஓய்வுள்ளவனின் உபதேசம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சுரங்கம் மூடியபின் இந்த ஊருக்கு வேலை கொடுக்காதவர்கள் இயற்கைக் காட்சியைக் கொடுத்துத் திருப்திப்படுத்தப் பார்ப்பது அநீதி. அதனால் வேலைக்கு ஈடாக இதைச் சொல்லவில்லை. சொந்த ஊரில் பெருமைப்படத் தக்கது ஒன்றும் மிஞ்சவில்லை என்று நம்பும் இளைஞன், அந்த ஊருக்காக வாதாடவும் மாட்டான். அதன் ஏரி ஆக்கிரமிக்கப்பட்டால் கேட்கவும் மாட்டான். அவன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சில விண்ணப்பங்கள். பேத்தமங்கலத்துக் கல்வெட்டுகளின் செய்தியைக் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதி ஏரிக்கரையில் எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். இம்மூன்று மொழியினரும் இந்த ஆற்று நீரைக் குடிப்பவர்களே. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து செல்லும் சாலையின் ஓரங்களைச் செப்பனிட்டு, பள்ளிப் பிள்ளைகள் லாரிக்கு அஞ்சாமல் சைக்கிளில் போகும்படி செய்ய வேண்டும். பழைய நீரேற்று நிலையத்தில் எஞ்சியிருப்பவற்றைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் காட்சிக்கு வைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஏரியின் வரத்துக் கால்வாய்களை அளந்து கல் நட்டு, ஆண்டுதோறும் மழைக்கு முன் அவற்றைத் தூர் வாருவதற்கென்று தனியே பணம் ஒதுக்க வேண்டும். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் நிரப்பும் திட்டத்துக்கு 2018 முதல் பெருந்தொகை செலவிடுகிற அரசுக்கு, வானத்திலிருந்து இலவசமாக வரும் நீரின் பாதையைத் திறந்து வைப்பது பெரிய செலவாகாது. நொளம்பனும் சொக்கிமய்யாவும் உடைந்த பிறகு கட்டினார்கள். அவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கத் தெரிந்த நாம் உடையுமுன்னே கட்டலாம்.