பெட்ராபோல்: வாசலைப் பெருசாக் கட்டி வரிசையைத் தெருவுல விட்ட கதை

2021 தீபாவளிக்கு முந்தின வாரம். கல்கத்தாவுல எங்க வீட்டுல அதிரசம் சுட்டுக்கிட்டு இருக்கோம், ஒரு போன். "சார், நான் நாமக்கல்லுங்க. வத்தல் லோடு. போன்காவ்ல பன்னெண்டு நாளா நிக்கிறேன். பேப்பர்ல ஏதோ குறைன்னு சொல்றாங்க, பாஷை புரியல. தமிழ்ல பேச ஆளு இருக்குன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க."

ஏற்றுமதி டாகுமென்ட் வேலையில பத்தொன்பது வருஷமா இருக்கேன். பேப்பர்ல பெரிய குறை ஒண்ணும் இல்ல. முன்னாடி நின்ன வரிசைதான் குறை! மறுநாள் அதிரசம் கட்டிக்கிட்டுப் போனேன். ரோட்டோரம் கண்ணுக்கெட்டின தூரம் லாரி. அண்ணனுக்கு வாடகை ட்ரிப் கணக்கு. நின்ன நாளுக்குச் சாப்பாடும் பார்க்கிங்கும் அவர் கைக்காசு. எங்கப்பா விருதுநகர்ல வத்தல் கமிஷன் கடையில கணக்கு எழுதினவர். ஈரக்காத்துல மூட்டை கிடந்தா வத்தலுக்கு என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லையில பெரிய வரி சுங்க வரி இல்ல மக்களே, காத்திருப்புதான். சுங்க வரிக்காவது ரசீது உண்டு. இதுக்கு அதுவும் கிடையாது.

கல்கத்தாவுல இருந்து பெட்ராபோல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எதிர்ப்பக்கம் பங்களாதேஷோட பெனாபோல். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல தரைவழி வர்த்தகத்துல பெரிய வாசல் இதுதான். 2016 ஜூலையில ஒருங்கிணைந்த சோதனைச் சாவடின்னு பிரம்மாண்டமா திறந்தாங்க. ஐஞ்சு வருஷம் கழிச்சு, 2021-ல உலக வங்கி ஒரு அறிக்கை விட்டுச்சு. இந்த எல்லையைக் கடக்க 138 மணி நேரம் ஆகுதாம். அதுல 28 மணி நேரம் சரக்கை ஒரு லாரியில இருந்து இன்னொரு லாரிக்கு மாத்துறதுக்கே. ஏன்னா நம்ம லாரி பெனாபோல் யார்டு வரைக்கும்தான். அங்க இறக்கி, அவங்க லாரியில ஏத்தணும். இதே அளவு போக்குவரத்து இருக்கிற கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகள்ல ஆறு மணி நேரத்துக்குள்ள முடியுதுன்னு அதே அறிக்கை சொல்லுது. இந்தியக் கம்பெனி ஒண்ணு பங்களாதேஷோட வியாபாரம் பண்றதை விட பிரேசிலோடயோ ஜெர்மனியோடயோ பண்றது 15-20 சதவீதம் மலிவாம். அடுத்த வீட்டுக்குக் குழம்பு குடுக்க ஊரைச் சுத்திப் போற கதைதான்.

லாரி நேரா போறதுக்கு 2015 ஜூன்ல திம்புவில நாலு நாடு ஒப்பந்தம் போட்டாங்க. பூட்டான் நாடாளுமன்றம் ஒத்துக்கல. சரி, மிச்ச மூணு பேர்? பேசிக்கிட்டே இருந்தாங்க.

மனசு வெச்சா முடியாதா? 2020 லாக்டவுன்ல லாரி மாட்டிக்கிட்டப்போ, ஜூலையில குண்டூர் பக்கம் ரெட்டிபாலத்துல இருந்து பார்சல் ரயில்ல 384 டன் வத்தல் பெனாபோலுக்கே போச்சு. லாரியில டன்னுக்கு 7000 ரூபா ஆகுற இடத்துல 4608 ரூபா. 2022-ல மேற்கு வங்க அரசு 'சுவிதா'ன்னு ஆன்லைன் முன்பதிவு கொண்டு வந்ததும் வரிசை நல்லாவே குறைஞ்சுது. பாராட்டுறேன். ஆனா பன்னெண்டு நாள் நின்ன வரிசையை ஒரு முன்பதிவு குறைக்க முடியும்னா, அத்தனை வருஷம் அந்த வரிசையால யாரோ பிழைச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

2024 அக்டோபர்ல 'மைத்ரி துவார்'னு சரக்குக்குத் தனி வாசல் திறந்தாங்க. மைத்ரின்னா நட்பு. ஆறு மாசம் தாங்கல!

2025 ஏப்ரல்ல, பங்களாதேஷ் சரக்கு நம்ம துறைமுகம், ஏர்போர்ட் வழியா வெளிநாடு போக 2020-ல குடுத்த வசதியை இந்தியா ரத்து பண்ணுச்சு. ஏர்போர்ட்ல நெரிசல், நம்ம ஏற்றுமதிக்குத் தாமதம்னு காரணம் சொன்னாங்க. அதே மாசம் இந்திய நூல் தரைவழியா வரக்கூடாதுன்னு பங்களாதேஷ் தடை போட்டுச்சு. மே 17-ல இந்தியா, அவங்க ரெடிமேட் துணி நவ சேவா, கல்கத்தா துறைமுகம் வழியா மட்டும்தான் வரணும்னு உத்தரவு போட்டுச்சு. உடனே அமல். ஜூன்ல சணல் நூல் உட்படப் பல சரக்குக்கு நவ சேவா மட்டும்தான். மேப்பை எடுத்துப் பாருங்க. ஹூக்ளிக் கரை ஆலைக்கு 80 கிலோமீட்டர்ல வந்திருக்க வேண்டிய சரக்கு, இலங்கையைச் சுத்தி மும்பைக்குப் போய்த் திரும்பி வரணும்!

"நம்ம சணல் விவசாயியைக் காப்பாத்த வேணாமா?"ன்னு கேப்பீங்க. வேணும். அதுக்குத்தான் 2017-லயே குவிப்புத் தடுப்பு வரி போட்டாங்க. ஏமாத்துறவன் இருந்தா அவனைப் பிடிங்க. "பாதுகாப்பு?" லாரியை ஸ்கேன் பண்ணுங்க, சரக்கைச் சோதிங்க, யாரு வேணாம்னா? ஆனா ராத்திரி உத்தரவு போட்டு வழியை மாத்துறது பாதுகாப்பு இல்ல, கோவம். ரெண்டு சர்க்காரும் ஒருத்தர் மேல ஒருத்தர் காட்டுற கோவத்துக்கு ரோட்டுல நிக்கிறவன் பில் கட்டுறான். பெரிய மில்லுக்குத் தூத்துக்குடி இருக்கு, கண்டெய்னர் இருக்கு, சமாளிச்சுக்கும். ஒரு லாரி லோடா நூல் அனுப்புற சின்ன வியாபாரிக்கு?

கேக்குறது மூணே மூணு. விதியை மாத்தினா முன்கூட்டியே நாள் சொல்லுங்க. ஏற்கனவே கிளம்பின லோடை விட்டுடுங்க. எல்லை தாண்டின லாரி இறக்கி ஏத்தாம நேரா போகட்டும். இதுக்குப் புதுக் கட்டடம் எதுவும் வேணாம்.

நாமக்கல் அண்ணன் தீபாவளிக்கு வீட்டுல இல்ல. அதிரசத்தைக் கையில வாங்கிக்கிட்டு, "புள்ளைங்களுக்கு ரெண்டு எடுத்து வைக்கிறேன் சார், எப்படியும் போயிருவேன்ல?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல.

உங்க ஊர்ப் பக்கம் லாரித் தொழில், நூல் வியாபாரம் பாக்குற சொந்தக்காரங்க இருந்தா அவங்க அனுபவத்தைக் கேட்டு எழுதுங்க. நான் சொன்னதுல தப்பிருந்தாலும் திட்டலாம்.