ஒளிநாடாவை வாசிக்கும் கருவி

பனையோலை ஏடுகள் அழிந்த வரலாற்றைத் தமிழ் பயிலும் மாணவர் நன்கறிவர். செல்லரித்தவையும் நீரிலும் நெருப்பிலும் போனவையும் போக, எஞ்சியவற்றை உ.வே. சாமிநாதையர் ஊர்தோறும் தேடிப் பெற்றமையால் அன்றோ 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சு வடிவம் கண்டது! எனினும் ஏட்டிற்கு ஒரு பேறு இருந்தது. ஏடு கைக்குக் கிடைத்துவிட்டால், அதனை வாசிக்க எழுத்தறிந்த இரு கண்கள் போதும். அரபுத்தமிழ் நூல்களின் நிலையோ வேறு. நூல்கள் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. வாசிக்க வல்லார் அருகிவிட்டனர். நூல் இருந்தும் வாசகர் இன்றேல் அந்நூலால் யாது பயன்?

நம் வீட்டு அலமாரிகளில் உறங்கும் ஒளிநாடாக்களும் இந்நிலையையே எய்தி வருகின்றன. அவற்றை வாசிப்பது மனிதக் கண் அன்று, கருவி. கருவி மறைந்தால், நாடா இருந்தும் இல்லாததே. ஆகவே, பழைய நாடாக்களை வட்டுக்கு மாற்ற விழைவோர் முதற்கண் எண்ணத்தக்கது வட்டைப் பற்றியன்று, கணினியைப் பற்றியுமன்று, நாடாவை ஓட்டும் கருவியைப் பற்றியே என்பது நம் கருத்து.

வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி பரவலாயிற்று. அக்காலத்தில் வளைகுடா நாடுகளில் உழைத்த நம் சபுராளிகள் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த பொருள்களுள், 'டெக்' என்று மக்கள் வழங்கிய கருவியும் ஒன்று. தங்கையின் நிக்காஹ்வுக்கு விடுப்புக் கிடைக்காத காக்காவுக்காக அந்நிகழ்ச்சி நாடாவில் பதிவாகி விமானம் ஏறியது. அந்நாடாக்களில் இருப்பவை பந்தலும் விருந்தும் மட்டுமல்ல. மறைந்துபோன உம்மம்மாவின் குரல் அவற்றில் இருக்கிறது. பெண்கள் கூடிப் பாடிய வாழ்த்துப் பாடல்கள் இருக்கின்றன. காயல்பட்டினத்துப் பேச்சும் கீழக்கரைப் பேச்சும் அன்று எவ்வாறு ஒலித்தன என்பதற்குச் சான்று இருக்கிறது. நாளைய மொழியியல் மாணவன் தேடப்போகும் தரவு இதுவே.

காலமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் அப்பணியை நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாப் பதிவுகளுக்கு 2025ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்து எச்சரித்தது. அவ்வெல்லையை நாம் எட்டிவிட்டோம். இன்று நாம் வாங்கக்கூடியவை அனைத்தும் பிறர் பயன்படுத்திய கருவிகளே. எனவே தேர்வில் நுட்பம் தேவைப்படுகிறது.

கருவியின் உள்ளே நிகழ்வதை அறிந்தால் தேர்வு எளிதாகும். அரை அங்குல அகலமுள்ள நாடா, சாய்வாகப் பொருத்தப்பட்ட ஓர் உருளையைச் சுற்றிச் செல்கிறது. நம் நாட்டுப் பால் முறையில் அவ்வுருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல்கிறது. அதில் பதித்த நுண்ணிய காந்தத் தலைகளே நாடாவைப் படிக்கின்றன. தலை தேய்ந்திருந்தால் படத்தில் பனி பெய்வதுபோல் புள்ளிகள் தோன்றும். தலை எதனைப் படிக்கத் தவறுகிறதோ, அதனைப் பின்னர் எந்தக் கணினியாலும் மீட்க இயலாது. உயர்விலைக் கணினியை வாங்கிவிட்டு, பழுதுற்ற டெக்கோடு இணைப்பது, வற்றிய கிணற்றுக்கு வெள்ளிக் குடம் வாங்குவதை ஒக்கும்.

ஆதலின் டெக் வாங்குவோர் மூன்றினைக் காணவேண்டும். முதலாவது, தலைகளும் உருளைகளும் தேயாமலும் தூய்மையாகவும் உள்ளனவா என்பது. இழந்தாலும் வருந்தத் தேவையற்ற நாடா ஒன்றைக் கையோடு கொண்டுசென்று ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். இரண்டாவது, எஸ்-வீடியோ இணைப்பு உள்ளதா என்பது. இது ஒளிச்செறிவையும் வண்ணத்தையும் தனித்தனியே வெளிக்கொணர்வதால் ஓரங்களில் வண்ணக் கலங்கல் குறையும். 1987இல் அறிமுகமான எஸ்-வி.எச்.எஸ். வகைக் கருவிகளில் இவ்விணைப்பு உண்டு. சாதாரண நாடாவையும் அவை ஓட்டும். மூன்றாவது, நாடா எம்முறையில் பதிவானது என்பது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறை நாடாவைப் பால் முறை மட்டும் அறிந்த கருவி செம்மையாகக் காட்டாது. சிறிய கேமராவின் எட்டு மில்லிமீட்டர் நாடாக்களுக்கு டெக் பயன்படாது. அவற்றை ஓட்டும் கேமராவே வேண்டும்.

அடுத்து வேண்டப்படுவது கால ஒழுங்கி. நாடா நீண்டும் சுருங்கியும் இருப்பதால் படத்தின் கோடுகள் சற்று முன்பின்னாக வந்து சேரும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி இதனைப் பொறுத்துக்கொண்டது, கணினி பொறுக்காது. படம் துள்ளும், சட்டங்கள் விடுபடும், ஒலி ஓரிடத்தும் உதடு ஓரிடத்துமாகப் பிரியும். கோடுகளை நினைவகத்தில் வாங்கி ஒழுங்காக விடுப்பதே கால ஒழுங்கியின் பணி. உயர்தர டெக்குகள் சிலவற்றில் இஃது உள்ளமைந்துள்ளது. இல்லையேல் தனியே வாங்கவேண்டும்.

பதிவு செய்யும் கருவியில் இரு வழிகள் உள. டி.வி.டி. பதிவுக் கருவியை டெக்கோடு இணைத்தால் நேரே வட்டு கிடைக்கும். கணினி அறியாத இல்லத்தார்க்கு இது எளிது. ஆயின் 4.7 ஜிகாபைட் கொண்ட வட்டில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். மற்றொன்று, யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் பதிவது. இதில் இடம் மிகுதியாக வேண்டும்; டி.வி. என்னும் கோப்பு வகைக்கு மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் தேவை. ஆனால் திருத்தவும் படியெடுக்கவும் இதுவே ஏற்றது. படத்தை முதலில் பெரிதாக்கிப் பின் பதியும் மலிவான எச்.டி.எம்.ஐ. மாற்றிகளைத் தவிர்த்தல் நலம். பால் முறையில் நொடிக்கு 50 அரைச் சட்டங்கள் உள்ளன. அவற்றை இம்மாற்றிகள் பிழையாக இணைத்து, அசைவுகளைச் சிதைத்துவிடுகின்றன. தொலைக்காட்சித் திரையைக் கைப்பேசியால் படமெடுத்தால் போதாதா என வினவுவோர் உளர். நிழலின் நிழல் எவ்வாறு உருவத்தைக் காட்டும்?

கடலோர ஊர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரக்காற்றால் நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். அதனை அப்படியே டெக்கில் இட்டால் தலையும் கெடும். பின்னர் இடும் நாடாக்களுக்கும் அது பரவும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைத்த பின்னரே ஓட்டவேண்டும். மாற்றிய பிறகும் நாடாவை எறிந்துவிடலாகாது. வட்டையும் நிலையானது எனக் கருதலாகாது. எழுதும் வட்டின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் மங்கும். வட்டு பார்ப்பதற்கு, காப்பதற்கு இரு வன்தட்டுகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருத்தல் நன்று.

இவ்வளவும் ஒரு குடும்பத்தால் இயலுமா? நான்கே நாடா உள்ள இல்லத்தார் இத்துணைக் கருவிகளையும் வாங்குதல் வீண் செலவே. கடைக்குக் கொடுக்கலாம் எனின், வீட்டுப் பெண்கள் தமக்குள் மகிழ்ந்திருந்த காட்சிகளை அயலார் காண்பதா எனப் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் மதிக்கத்தக்கது. நல்ல கடைக்காரர்கள் உண்டு. ஆயினும் தயங்குவோரின் நாடா பரணிலேயே அழிந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு பொதுக் கருவியே எனக் கருதுகிறோம். ஒவ்வொரு ஊரிலும் கல்லூரியோ நூலகமோ ஒரு நல்ல டெக்கையும் ஒரு கால ஒழுங்கியையும் ஒரு கணினியையும் ஓர் அறையில் அமைக்கட்டும். நாடாவுக்குரியவர் தாமே வந்து, தாமே ஓட்டி, தம் வன்தட்டில் பெற்றுச் செல்லட்டும். பெண்களுக்கெனத் தனி நாள்கள் ஒதுக்கப்படட்டும். அந்நாள்களில் மாணவியரே உதவட்டும். பொதுக் கணினியில் எப்படியும் எஞ்சலாகாது. பிறர் நாடா நம் கையில் இருக்கும்வரை அஃது அமானிதம். அமானிதத்தைப் பேணுதல் கடமை. உரியவர் மனமுவந்து இசைந்தால் மட்டும், பேச்சு வழக்கும் பாடலும் அடங்கிய பகுதியின் ஒலியைத் தமிழ்த்துறை தன் ஆவணமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

பெரியோர்கள் தம் வீட்டில் பயனின்றிக் கிடக்கும் டெக்கைப் பழைய பொருள் வாங்குவோர்க்கு எடைக்குப் போடாமல் இப்பணிக்கு வழங்கலாம். பழுது பார்க்கத் தெரிந்த மூத்த தொழிலாளர் இன்றும் சிலர் உள்ளனர். அவர்களிடம் மாணவர் அக்கலையைக் கற்றுக்கொள்ளலாம். ஏடு தேடியவர்க்கு வாசிக்கும் கண் என்றும் உடனிருந்தது. நமக்கோ அக்கண் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. எஞ்சிய கருவிகள் ஓடும்போதே உம்மம்மாமார் குரலை மீட்டெடுப்போமாக!